ஸ்டாப் பொத்தானில் இருந்த விரல்

எங்கள் அறையில் இருந்த டேப் ரிக்கார்டர், உடன் தங்கியிருந்த கம்பெனி ஸ்டோர்கீப்பருடையது. அதனால் என் மனைவி எவ்வளவு நேரம் பேசலாம் என்பதையும் அவரே முடிவு செய்தார். இத்தனை வருஷம் கழித்தும் இதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

எழுபதுகளின் பிற்பாதி. மஸ்கட்டில் ரூவி அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்தது. நான் ஒரு கட்டுமானக் கம்பெனியில் டிராஃப்ட்ஸ்மேன். கல்யாணமான கையோடு மனைவியைத் திருச்சியில் அண்ணன் குடும்பத்தோடு விட்டுவிட்டு வந்தவன். குடும்பத்துக்கு விசா பெரிய அதிகாரிகளுக்குத்தான். எங்களுக்கு ஓர் அறையும் நான்கு கட்டில்களும். போன் என்றால் டிரங்கால் போட்டுக் காத்துக் கிடக்க வேண்டும். கிடைத்தாலும் இரண்டு பக்கமும் கத்திவிட்டு வைத்துவிட வேண்டியதுதான். அதனால் கேசட். ஊருக்கு லீவில் போய்த் திரும்புகிறவர் யாராவது ஊறுகாய் பாட்டிலோடு ஒரு கேசட்டையும் கொண்டுவந்து கொடுப்பார்.

கேசட் யார் வீட்டிலிருந்து வந்தாலும் அறையில் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும். இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் "நான் தனியாகக் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒருவன் சொன்னால் மறுநாளிலிருந்து அவனோடு யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். டீ போட்டு, கட்டில்களை நெருக்கிப் போட்டு, ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி உட்காருவோம். ஸ்டோர்கீப்பர் நடுவில் உட்கார்ந்து பொத்தானை அமுக்குவார்.

அந்தப் பக்கமும் அதே கதைதான். திருச்சி வீட்டுக் கூடத்தில் அண்ணன் டூ-இன்-ஒன் ரேடியோ டேப்பை மேஜைமேல் வைத்து வரிசையாக ஒவ்வொருவரையும் கூப்பிடுவார். அண்ணன் பேசுவார், அண்ணி பேசுவாள், பிள்ளைகள் பாட்டுப் பாடும், பால் ஊற்ற வந்தவர்கூட நலம் விசாரிப்பார். எல்லாம் முடிந்து மிச்சம் இருக்கிற நாடாவில் என் மனைவி. இந்தப் பக்கம் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆகவே அவள் என்னோடு பேசமாட்டாள். அறையோடுதான் பேசுவாள்.

"ரூம்ல இருக்கற அண்ணன்மாருங்க எல்லாருக்கும் வணக்கம். அவங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க. வெயில்ல அலைய வேணாம்னு சொல்லுங்க. அவ்வளவுதான்."

அந்த 'அவ்வளவுதான்' முடிவதற்குள் ஸ்டோர்கீப்பரின் விரல் இறங்கிவிடும். டக்.

"கலாஸ். பேச்சு முடிஞ்சிட்டுல்லா? சும்மா ஓடவிட்டா ஹெட்டு தேஞ்சிரும் தம்பி."

ஹெட்டாம். நாடா உரசிப் போகிற அவருடைய அருமந்த ஹெட். பக்கத்துக் கட்டில் எலெக்ட்ரீஷியன் அந்த வாரம் முழுக்க, தட்டு நகர்த்தும்போதெல்லாம் குரலை மெல்லியதாக்கி, "அவங்களை வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்பான். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன். பிறகு அதே கேசட்டின்மேல் பதிலைப் பதிந்து, ஊருக்குப் போகிறவரிடம் கொடுத்தனுப்புவோம். அதுதான் வழக்கம், புது கேசட் வாங்குவது வீண் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக வந்த கேசட்டைப் பற்றி அறையில் வாயே திறக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். ஒரு ஹெட்போன் வாங்கிவிடுவது என்று முடிவு. என் மனைவியின் குரலை ஒரே ஒரு முறை நான் மட்டும் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

ரூவியில் கீழக்கரைக்காரர் ஒருவரின் ஸ்டீரியோ கடை இருந்தது. கண்ணாடி அலமாரியில் மூன்று உயர்ந்த ரக ஹெட்போன்கள் வைத்திருந்தார். ஒவ்வொன்றையும் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் எடுத்து வைத்தார்.

"பொறுமையா கேட்டுப் பாருங்க தம்பி. காதுக்குப் புடிச்சாத்தான் வாங்கணும். அவசரமே இல்லை."

வாடிக்கையாளர்களுக்கென்று அவரிடம் ஒரு கேசட் இருந்தது. அதில் ஒரு ரயில் இடது காதில் புறப்பட்டு வலது காதில் போய்ச் சேரும். முதல் ஹெட்போன் கனமானது, காதை அடைத்துக்கொண்டது. ரயில் தலைக்குள் இடித்துக்கொண்டு போனது. இரண்டாவதில் அதே ரயில் கொஞ்சம் நாகரிகமாகப் போனது. ரயிலைக் கேட்கவா நான் வந்தேன்? சட்டைப் பையிலிருந்து என் கேசட்டை எடுத்து நீட்டினேன்.

முதலாவதில் அண்ணனின் குரல் கோயில் மணி போல முழங்கியது. அதற்காகவே அதைக் கழற்றிவிட்டேன். இரண்டாவதில் எல்லோர் குரலும் தேன் தடவியதுபோல இனித்தது. என் அண்ணியின் குரலில் தேன் கிடையாது என்பது எனக்குத் தெரியும், அதனால் அதையும் நம்பவில்லை.

மூன்றாவது எடையே இல்லாதது. காதோரம் பஞ்சு மட்டும் பட்டது. போட்டதும் இரைச்சல்தான் முதலில் வந்தது. அதற்குப் பின்னால் திருச்சி வீட்டுக் கூடம் அப்படியே இருந்தது. மின்விசிறி கடகடத்தது. யாரோ நாற்காலியை இழுத்தார்கள். "சீக்கிரம் பேசு, டேப் தீந்துடும்" என்று அண்ணி பின்னாலிருந்து விரட்டுவதுகூடக் கேட்டது.

கடைக்காரரும் ஒரு காதை வைத்துப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "இது வேணாம் தம்பி. உங்க டேப்புல உள்ள அழுக்கையெல்லாம் காட்டிக் கொடுக்குது. ரெண்டாவதை எடுங்க, இரைச்சலே தெரியாது."

ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன். என் மனைவி பேசிக்கொண்டிருந்தாள். வணக்கம் சொன்னாள். அண்ணன்மார்களிடம் என்னை ஒப்படைத்தாள். அவ்வளவுதான் என்றாள். பஞ்சு வழியே வெளியில் கசிந்த குரல் நின்றதும் கடைக்காரரின் விரல் ஸ்டாப் பொத்தானுக்குப் போனது. நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். அந்த விரலைக் கண்டாலே எனக்கு வந்த வெறி அப்படி. நல்ல மனிதர், கையை விடுவித்துக்கொள்ளாமல் அப்படியே நின்றார்.

நாடா ஓடியது. பிள்ளைகள் கத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அண்ணி அடுக்களைக்குப் போனாள். மின்விசிறி மட்டும் சுற்றியது. பிறகு வளையல் மேஜையில் பட்டது. யாரோ மைக்குக்குப் பக்கத்தில் மூச்சு விட்டார்கள். அதன் பிறகு, மிகவும் தணிவாக, "என்னங்க."

வேறொன்றும் இல்லை. அவள் சொல்லவும் இல்லை, போகவும் இல்லை. நாடா தீரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

இதற்கு முன் வந்த கேசட்டுகளின் கடைசியிலும் அவள் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாளா? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் வழி இல்லை. அவற்றின்மேல்தான் "இங்கு நலம், அங்கு நலமா" என்று நாங்கள் முழ நீளத்துக்குப் பேசிப் பதிந்து அனுப்பிவிட்டோமே. ஸ்டோர்கீப்பரை அந்த நிமிஷம் கண்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று சொல்ல முடியாது. எந்தத் தப்பும் தெரியாத மனிதர். அதுதான் இன்னும் கோபமாக இருந்தது.

கடைக்காரரிடம் ஸ்க்ரூடிரைவர் வாங்கி, கேசட்டின் முதுகில் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் துண்டை ஒடித்தேன். அதை ஒடித்துவிட்டால் அந்தக் கேசட்டின்மேல் யாரும் எதையும் பதிய முடியாது. மூன்றாவது ஹெட்போனையும் ஒரு புது கேசட்டையும் வாங்கினேன்.

ஹெட்போனை நான் வைத்துக்கொள்ளவில்லை. எனக்கு இந்தக் கடை இருந்தது. அதே ரகத்தில் இன்னொன்று இருப்பதாகவும் எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கலாம் என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார். அவளுக்குத்தான் எதுவும் இல்லை. அறையில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் புது கேசட்டில் பேசினேன். எல்லோரையும் விசாரித்தேன். "இந்த ஹெட்போன் அவளுக்கு" என்று தெளிவாக, இரண்டு முறை சொன்னேன். அதன் பிறகு நாடாவைச் சும்மா ஓடவிட்டு, அண்ணன் நிச்சயம் ஸ்டாப்பை அமுக்கியிருப்பார் என்று தோன்றிய பிறகு, பிற்பாடு ஹெட்போனில் அவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் அவளோடு பேசினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவளிடம் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. லீவில் போன ஒருவர் இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

பதில் வந்தது. அதை நேரே கடைக்கு எடுத்துப் போனேன். முதலில் அண்ணன்.

"ஹெட்போன் பிரமாதம்டா தம்பி. கிரிக்கெட் கமெண்ட்ரி கேட்டா கிரவுண்டுல உக்காந்திருக்கற மாதிரியே இருக்கு. பிள்ளைங்க கை வைக்கக் கூடாதுன்னு பீரோல வச்சுப் பூட்டிட்டேன். எனக்காக ஞாபகமா வாங்கி அனுப்பினியே, ரொம்ப சந்தோஷம்."

நான் இரண்டு முறை சொன்னது அவர் காதில் ஏறவில்லை, மனசாரத்தான் சொன்னார். வளைகுடாவிலிருந்து வீட்டுக்கு வருகிற எந்தப் பொருளும் வீட்டுப் பெரியவருடையது என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஹெட்போனைப் பிய்த்து எறிய வேண்டும்போல இருந்தது. ஆனால் கழற்றவில்லை. அண்ணி பேசினாள், பிள்ளைகள் பாடினார்கள், அவள் அறைக்கு வணக்கம் சொன்னாள். கடைக்காரர் தானாகவே பொத்தானிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மின்விசிறி சுற்றியது. வளையல் மேஜையில் பட்டது.

"என்னங்க. கடைசில ஏதோ பேசியிருக்கீங்களாமே. ஹெட்போன்ல கொஞ்சம் கேட்டுட்டு, இது நமக்கில்லன்னு உங்க அண்ணன் நிறுத்திட்டாங்க. அந்த டேப்புலதான் இப்ப பேசிக்கிட்டிருக்கோம்."

நாடா தீர்ந்து பொத்தான் தானாக மேலே எழும்பியது.

"சத்தம் தெளிவா இருக்கா தம்பி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"தெளிவா இருக்கு பாய்" என்றேன்.