அத்தானைச் சாக்காட்டின படம்

இசை ஆவணப்படமாம். எங்கட இசைக்குழுவைப் பற்றித்தான். எடுத்தவன் கொழும்பான், வெட்டி ஒட்டினவன் சென்னையில இருக்கிறவனாம். ரெண்டு பேரையும் இரணைமடுக் குளத்துத் தண்ணிக்குள்ள ஒருக்கா அமத்தி எடுக்கோணும் எண்டுதான் இண்டைக்கும் எனக்கு வருது.

நாங்கள் வட்டக்கச்சியில இருந்து கலியாண வீடுகளுக்குப் போய்ப் பாடுற ஆக்கள். நான் கீபோர்ட். அக்கா பாட்டு. அக்காவின்ர மனுசன், எங்கட அத்தான், ட்ரம்ஸ். கமெராவோட அவங்கள் வந்த அண்டு, ஸ்பீக்கர் பெட்டி ஒண்டை ஏத்திவர அத்தான் மாங்குளத்துக்குப் போட்டார். "ட்ரம்ஸ்காரர் எங்க?" எண்டு கேட்டாங்கள். அக்கா சிரிச்சுக்கொண்டு, "அவர் போட்டார்... மாங்குளத்துக்கு. வர மத்தியானமாகும்" எண்டவா. எங்கட ஆக்களுக்குப் போட்டார் எண்டால் வெளிக்கிட்டுப் போயிட்டார், அவ்வளவுதான். சென்னைக்காரன்ர காதுக்கு அவர் ஒரேயடியாப் போயிட்டார்.

படம் ஃபோனில வந்த பிறகு, நிப்பாட்டி நிப்பாட்டிப் பத்துத் தரம் பாத்திருப்பன். அவங்கட வித்தையெல்லாம் இப்ப எனக்கு அத்துப்படி. "அவர் போட்டார்" எண்ட உடன வெட்டு. மாங்குளம் இல்லை, மத்தியானம் இல்லை. அக்கா சிரிச்ச முகத்தைக் காட்டாமல், மடியில கிடந்த கையைக் கிட்டப் பிடிச்சுக் காட்டுறான். கீழ இங்கிலிஷில எழுத்து வேற, அவர் உயிரோட இல்லை எண்டு. பிறகு அத்தானின்ர வெறுங் கதிரையை நோக்கிக் கமெரா ஊர்ந்து ஊர்ந்து போகுது. அக்கா பாடினது துள்ளல் பாட்டு. அதின்ர தாளத்தை உருவி எறிஞ்சுபோட்டு, குரலை இழுத்து, அடியில ஒரு வயலினை அழவிட்டிருக்கிறான். கடைசியா நிறத்தையும் எடுத்திட்டான். அக்காவின்ர நெத்திக் குங்குமம் சாம்பலாத் தெரியுது. கெட்டிக்காரன்தான், நாசமாப் போவான்.

எடுத்தவனுக்கு ஃபோன் அடிச்சுக் கேட்டனான். "அண்ணை, படத்துக்கு அந்த இடத்தில ஒரு சோகம் தேவைப்பட்டது" எண்டான்.

"உன்ர சோகத்துக்கு என்ர அக்காவின்ர தாலிதானோடா கிடைச்சது?" எண்டு கத்தினன். படம் வெளிநாடெல்லாம் ஓடுதாம், இனி மாத்தேலாதாம்.

அக்கா அப்பவும் பெரிசா எடுக்கேல்லை. அடுத்த மாதம் வவுனியாவில ஒரு கலியாண வீட்டுக்குப் பேசியிருந்தது. கலியாணப் பொம்பிளை ஆசைப்பட்டுக் கேட்ட பாட்டெல்லாத்தையும் குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு பாடிப் பாடிப் பாடமாக்கினவா. அந்தப் பிள்ளையின்ர தகப்பன் போன கிழமை எனக்கு ஃபோன் எடுத்தார். அப்பவும் அக்கா உள்ளுக்க பாடிக்கொண்டுதான் நிண்டவா.

"குறை நினையாதேங்கோ தம்பி. படம் பாத்தனாங்கள். மங்கல காரியம், அப்பிடியான ஒரு ஆளைப் பாட விடேலாது."

எனக்கு விசர் வந்திட்டுது. ஃபோனில ஸ்பீக்கரைப் போட்டு, பக்கத்தில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்த அத்தானிட்டை நீட்டினன்.

"ஐயா, படத்தில செத்த ஆள் கதைக்கிறன்" எண்டார் அத்தான்.

அந்த மனுசன் அப்பவும் மரியாதையாத்தான் சொன்னார்: "நல்லது தம்பி, சந்தோசம். நீங்கள் கட்டாயம் வாங்கோ. ஆனா மாப்பிள்ளை வீட்டுக்காரர் எல்லாரும் படத்தைப் பாத்திட்டினம். அவாவை மட்டும் கூட்டிக்கொண்டு வராதேங்கோ."

குசினிக்குள்ள பாட்டு நிண்டுபோச்சு.