எழுபத்தெட்டு அபிராமிகள்

போன வாரம் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். சீட்டு வாங்கும் வரிசையில் நிற்கும்போது கவுண்டருக்குள்ளிருந்து 'கிர்ர்க்... கிர்ர்க்' என்று ஒரு சத்தம். பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இன்னும் உயிரோடு இருக்கிறதே என்று சந்தோஷப்பட வேண்டியவள்தான். ஆனால் என் கண் அதன் பிளக் எங்கே என்று தேடியது.

"என்னடி, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் அம்மா. கண்புரை விழுந்த கண்ணுக்கே அது தெரிந்திருக்கிறது. ஒரு பிரிண்டரைக் கேட்டுப் பயந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

அப்போது எனக்கு இருபது வயது. வடமதுரைப் பக்கம் எங்கள் வீடு. அப்பா மல்லிகை போட்டிருந்தார். டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்துவிட்டு, தினமும் பஸ் பிடித்துத் திண்டுக்கல்லில் ஒரு கம்ப்யூட்டர் சென்டருக்குப் படிக்கப் போனேன். "ஆறு மாசம் பாப்போம். ஏலலன்னா மில்லுல டைப்பிஸ்ட் வேல இருக்கு, போயிரு" என்று அப்பா சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குப் பிடிவாதம் இன்னும் கூடியது.

சென்டர் மாடியில் இருந்தது. செருப்பைப் படியிலேயே கழற்ற வேண்டும். உள்ளே ஏசிக் குளிரும், தரைவிரிப்பின் புழுங்கிய வாடையும், யாரோ தலையில் வைத்திருந்த கனகாம்பரமும் (அதற்கு வாசனை கிடையாது என்பீர்கள், அந்த அறையில் இருந்தது) கலந்து ஒரு மணம். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். எனக்கு ஜோடி ஸ்டெல்லா. டவுன்காரி. அவள் அப்பாவும் அம்மாவும் வாத்தியார்கள், அதனால் அவளுக்கு யாரையும் திருத்தாமல் இருக்க முடியாது.

லூப் நடத்திய அன்று, பெயரை ஐம்பது தடவை திரையில் வரவழைக்கச் சொன்னார் எங்களுக்குப் பாடமெடுத்த ஜெரால்டு சார். ஒரு வேலையை ஒரு தடவை எழுதி, அதையே திரும்பத் திரும்பச் செய்யவைப்பதுதான் லூப். மற்றவர்கள் மூன்று வரியை வைத்துக்கொண்டு மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான் ஐம்பது வரியையும் கையாலேயே தட்டி முடித்துவிட்டேன்.

"அம்பதுக்குச் சரிம்மா. அஞ்சாயிரம்னா?"

"அதையும் அடிப்பேன் சார்."

வகுப்பே சிரித்தது. என் விரல் வேகத்தைப் பாராட்டிச் சிரித்ததாக ஒரு வாரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. ஒரு பள்ளிக்கூடம் பரீட்சைத் தேதியை மாற்றிவிட்டு, எல்லாப் பெற்றோருக்கும் கடிதம் அனுப்ப ஏற்பாடு செய்திருந்தது. பிள்ளைகள் பெயர் போட்ட அறுநூற்றுச் சொச்சம் முகவரிகளை லேபிளில் அச்சடித்து உறைகளில் ஒட்டித் தருவது எங்கள் சென்டரின் பொறுப்பு. சாயங்காலத் தபாலில் சேர்க்க வேண்டும். ஜெரால்டு சாரின் மனைவிக்கு அன்று காலையில்தான் நத்தத்தில் பிரசவம். அவர் போய்விட்டார். சென்டர் முதலாளி ஒட்டன்சத்திரத்துக்காரர், கோபத்திலும் 'ங்க' போடுபவர். எங்கள் அறைக்கு வந்து நின்றார்.

"ஏனுங்க, இத யாராச்சும் முடிச்சுத் தருவீங்களா?"

"நான் பண்றேன் சார்" என்றேன். ஸ்டெல்லா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

முகவரிகள் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தன. நான் எழுத வேண்டியது நாலைந்து வரி. பட்டியல் முடியும்வரை இதைச் செய்: பெயரை அடி, முகவரியை அடி, மறுபடி மேலே போ. எழுதினேன். ஓட்டினேன். பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. முதல் லேபிளில் 'ஏ. அபிராமி'. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவதிலும் ஏ. அபிராமி. மூன்றாவதிலும் அவளே. நிறுத்த எஸ்கேப்பை அழுத்தினேன், நிற்கவில்லை. லேபிள் தாள் மடிப்பு மடிப்பாகத் தரையில் இறங்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் ஸ்டெல்லா ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினாள். எண்ணிப் பார்த்தோம். எழுபத்தெட்டு அபிராமிகள். மதுரையிலிருந்து வரவழைத்த லேபிள் கட்டு அந்த ஒன்றுதான்.

முதலாளி தாளைத் தூக்கிப் பார்த்தார். "போதுமுங்க. திங்கட்கெழம தர்றோம்னு ஸ்கூலுக்குப் போன் போட்டுர்றேன்."

அப்பா சொன்ன மில் கண்ணுக்குள் வந்தது. "சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு சார். முடிக்காம நான் எந்திரிக்க மாட்டேன்" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுப் போனார். போன் போடவில்லை.

ஸ்டெல்லா என் நோட்டை இழுத்துக்கொண்டாள். "இங்க பாரு, நாந்தான் கம்ப்யூட்டர். நீ எழுதுனத மட்டுந்தான் செய்வேன். வாசி."

"பட்டியல் முடிஞ்சிருச்சான்னு பாரு."

"முடியல."

"பேரையும் முகவரியையும் அடி."

"அபிராமி. அடிச்சிட்டேன்."

"மேல போ."

"போயிட்டேன். பட்டியல் முடியல. அபிராமி. அடிச்சிட்டேன்."

"ஏய், அவளத்தான் அடிச்சாச்சே!"

"அடுத்த ஆளுக்குப் போன்னு நீ எங்க சொன்ன?"

டைப் அடிக்கும்போது என் கண் தானாக அடுத்த வரிக்கு இறங்கிவிடும். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு அந்தக் கண் இல்லை. 'ஸ்கிப்' என்று ஒரே ஒரு சொல், அடுத்த பெயருக்குப் போ என்று அர்த்தம், அதை விட்டிருந்தேன். சேர்த்தேன். முதலில் வெள்ளைத்தாளில் ஓட்டிப் பார்த்தோம். அபிராமி, அமலா, அன்பரசி. மூன்றாவது பெயரைப் பார்த்ததும் ஸ்டெல்லா என் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

லேபிளில் ஓட்டினோம். முந்நூற்று நாற்பதாவது பெயரில் கரண்ட் போனது. வந்தபோது மணி நாலு. முதலிலிருந்து ஓட்ட லேபிள் போதாது. லூப் எப்போதும் தலையிலிருந்துதான் தொடங்க வேண்டுமா என்று யோசித்தேன். முந்நூற்று நாற்பத்தொன்றாவது ஆளுக்குப் போய் அங்கிருந்து ஆரம்பி என்று மேலே ஒரு வரி சேர்த்தேன். இதை யாரும் சொல்லித்தரவில்லை. பிரிண்டர் அந்தப் பெயரிலேயே சரியாகத் தொடங்கியபோது, நான் டைப்பிஸ்ட் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஆனாலும் முப்பத்தொரு பேருக்கு லேபிள் குறைந்தது. கீழ்வீட்டு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்கு ஓடி, அந்த முப்பத்தொன்றையும் வெள்ளைத்தாளில் நானே தட்டினேன். ஸ்டெல்லா வெட்டி வெட்டிப் பசை தடவினாள். கடிதங்கள் தபாலுக்குக் கிளம்பியபோது எங்கள் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

முதலாளி கதவருகே நின்றார். "திங்கட்கெழம காலைல ஒம்போது மணிக்கு வந்துருங்க. படிக்க இல்லீங்க, வேலைக்கு."

அப்பாவிடம் சொன்னபோது அவர் பூ பறிக்கும் கூடையைக் கீழே வைக்காமலே கேட்டார், "மில்லுக்குப் போகலன்னு அவுங்ககிட்ட நாஞ்சொல்லணுமா, நீயே சொல்லிர்றியா?" நானே சொன்னேன்.

அன்றிலிருந்து இன்றுவரை என் சோறு புரோகிராமில்தான். சென்டர் இருந்த கட்டடத்தை இடித்துவிட்டார்கள். இப்போது அங்கே ஜவுளிக்கடையின் வண்டி நிறுத்துமிடம். ஜெரால்டு சார் எங்கோ வெளிநாட்டில் என்கிறார்கள். ஸ்டெல்லா கோயம்புத்தூரில், கிறிஸ்துமஸுக்குப் பேசிக்கொள்வோம். என் அலுவலகத்தில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் என்னைவிட நூறு மடங்கு கெட்டிக்காரர்கள். எழுதும்போதே திரை பிழையைக் காட்டிவிடுகிறது, திருத்தியும் கொடுத்துவிடுகிறது. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு நாற்காலியையும் ஒரு ஸ்டூலையும் ஒட்டிப்போட்டு, தோள் இடிக்க ஒரே திரையை இரண்டு பேர் பார்த்த காலம் போய்விட்டது. யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. பக்கத்தில் வந்து உட்காரத்தான் யாருக்கும் காரணமில்லை.