ஏறாத சம்பளமும் கேளாத காதும்

குறிகட்டுவான் இறங்குதுறையில் படகுக்குக் காத்து நின்றபோது பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது. "கவுண்மேந்துச் சம்பளம் பனை மாதிரியடி. வளருது, வளருது எண்டு எல்லாரும் சொல்லீனம். வளரேக்கை கண்டது ஆர்?"

சொன்னது யார் என்று திரும்பிப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதோடு, அந்தப் பனைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவளே நான்தான். நயினாதீவில் ஒரு சிறிய அரசாங்கக் கந்தோரில் ஊழியர்களுடைய சம்பள ஏற்றப் படிவங்களைத் தயாரிப்பது என் வேலை. எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். சொன்னால் என்னுடைய படிவத்தில் கையெழுத்து விழாது. மாதம் பிறந்து பத்தாம் நாளே அடுத்த சம்பளத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணுகிற என் சக சீவன்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாச்சிக்குள் ஒரு படி

வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்தால் சம்பளம் ஒரு படி ஏறும். தானாக ஏறாது. ஒரு படிவம் நிரப்ப வேண்டும். "இவருடைய வேலை திருப்திகரமானது" என்ற வரியின் கீழ் பொறுப்பதிகாரி கையெழுத்து வைக்க வேண்டும். என் முதல் வருடம் முடிந்தபோது என்னுடைய படிவத்தையும் நானே தட்டச்சுச் செய்தேன். மற்றவர்களுடையதை எல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னுடையதைக் கொடுக்க மட்டும் கால் வரவில்லை. நான் திருப்திகரமானவள் என்று நானே எழுதி, நானே கொண்டுபோய் நீட்டுவது எப்படி? படிவத்தை மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், அது அங்கேயே கிடந்தது.

எட்டாவது கிழமை பொறுப்பதிகாரி என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நான் எழும்பினேன். கதிரை விழுந்தது. அவர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை, ஒரு வருசமா நீர் இஞ்சை வாறதை நான் கண்ணாலை காணுறன். கடதாசியிலைதான் நீர் இன்னும் வந்து சேரேல்லை."

சாத்திரியாருக்கு ஒரு போட்டி

கனடாவில் இருக்கும் என் பெரிய மாமா எனக்குக் கல்யாணம் பேசுகிறார். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதற்காக என் சம்பளத்தைக் கேட்டார். சொன்னேன். "கிழமைக்கோ?" என்றார். "மாதத்துக்கு மாமா" என்றேன். மாமா கல்குலேட்டரைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி, போகப் போகக் கூடுந்தானே?" என்று கேட்டார்.

கூடும் என்று காட்டுவதற்காகச் சம்பளத் திட்டத்தின் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் எல்லாம் இருக்கும். முதல் பத்து வருடம் எவ்வளவால் ஏறும், அடுத்து வரும் வருடங்களில் எவ்வளவால் ஏறும், எந்தப் படிக்கு முன்னால் என்ன தடை, ஓய்வு பெறும் வயதில் எங்கே போய் நிற்கும் என்று எல்லாம். மாமா இரண்டு நாள் அதைப் படித்திருக்கிறார். மூன்றாம் நாள் அழைப்பு வந்தது. "பிள்ளை, உன்ரை சாதகம் பாத்த சாத்திரியார் முப்பது வயது வரைக்குந்தான் சொன்னவர். உந்தக் கவுண்மேந்துக்காரர் அறுபது வரைக்கும் எழுதிப்போட்டாங்கள். ஆனா ரெண்டு பகுதியும் நல்லதா ஒண்டும் சொல்லேல்லை."

அழுத்தமில்லாத கையெழுத்து

என் மேசைக்கு எதிரில் இருப்பவர் யோகராணி அக்கா. பக்கத்துத் தீவில் இறுப்பிட்டி ஊர்க்காரி. எங்கள் எல்லோரையும் விட அவருக்குச் சேவைக்காலம் அதிகம். ஆனால் எட்டு வருடமாக அவருடைய சம்பளம் ஒரே படியில் நிற்கிறது. மாமா படித்த அந்தப் பக்கத்தில் 'தடை' என்று ஒரு சொல் வருகிறதே, அதில் மாட்டிக்கொண்டவர். பரீட்சைகளில் சித்தியடைந்தால்தான் தடையைத் தாண்டலாம். எழுத்துப் பரீட்சைகளை எல்லாம் அக்கா முதல் தடவையிலேயே முடித்துவிட்டார். சிங்கள வாய்மொழிப் பரீட்சை ஒன்றுதான் பாக்கி. முதன்முதல் போனபோது பெயரைக் கேட்டார்களாம். அக்காவுக்கு அதுவே வாயில் வரவில்லையாம். அதன்பிறகு ஒவ்வொரு முறையும் விண்ணப்பிப்பார். பரீட்சையன்று காலையில் காய்ச்சல் வந்துவிடும். இன்னும் இரண்டு வருடத்தில் அவருக்கு ஓய்வு. கடைசிச் சம்பளத்தை வைத்துத்தான் ஓய்வூதியம் போடுவார்கள். இந்த முறையும் காய்ச்சல் வந்தால், சீவியம் முழுக்க அந்தப் பழைய படிதான்.

எங்கள் பொறுப்பதிகாரி வேலைக்கு வந்த புதிதில் கோப்புகளுக்கு இலக்கம் போடப் பழக்கியவரே யோகராணி அக்காதான். அதனால், "உங்கள் சம்பள ஏற்றம் நிறுத்தி வைக்கப்படுகிறது" என்ற கடிதத்தில் கையெழுத்து வைக்கும் நாளில் அவர் படுகிற பாடு சொல்லி முடியாது. காலையிலேயே அக்காவின் மேசைக்குப் பால் தேத்தண்ணியும் ரோல்சும் வரும். பிறகுதான் கடிதம் வரும். சென்ற வருடம் அவர் முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பேனை கார்பன் வைத்த கடதாசியில் படுகிறதோ இல்லையோ என்று மெல்ல ஓடவிட்டார். அக்கா ரோல்சைக் கடித்தபடி எட்டிப் பார்த்தார். "தம்பி, கொஞ்சம் அழுத்திப் போடும். மூண்டாம் கொப்பியிலை விழேல்லை."

மாத்தறைச் சம்பளத் திட்டம்

இந்த வருடம் எனக்கும் அதே வாய்மொழிப் பரீட்சை வந்தது. தமிழிலேயே நாலு பேருக்கு முன்னால் பேசாதவள் நான். சிங்களம் பேசிப் பழக அக்காவும் நானும் ஆள் தேடினோம். இறங்குதுறைக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் அண்ணை, இளவயதில் தெற்கே சிங்கள ஊரான மாத்தறையில் எங்கள் தீவார் ஒருவருடைய கடையில் வேலைக்கு நின்றவர். அவரிடம் போனோம். "நான் படிச்சது கடைச் சிங்களம் பிள்ளையள்" என்று கையை விரித்தார். "விலை சொல்லுவன், கடன் இல்லை எண்டு சொல்லுவன். உங்கடை சோதினைக்கு உது காணுமோ?"

எதற்காகச் சோதினை என்று கேட்டார். சொன்னோம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சம்பளம் ஏற ஒரு சோதினையோ? எங்கடை கடையிலை முதல் வருசம் சாப்பாடு மட்டும். பிறகு சாப்பாடும் உடுக்கச் சறமும். பிறகுதான் சம்பளம். நல்லா ஏறிக்கொண்டு போனால் முதலாளி தன்ரை தங்கச்சியைக் கட்டித் தருவார்." அக்கா விடவில்லை. "அண்ணை, நீங்கள் எந்தப் படி வரைக்கும் ஏறினனீங்கள்?" என்று கேட்டார். அண்ணை குசினிப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். அங்கே அவருடைய மனைவி வடை சுட்டுக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "உச்சப் படி வரைக்கும். அதுக்குப் பிறகு இன்கிரிமென்ற் இல்லை."

படகில் மட்டும் கேட்காது

நாங்கள் தினமும் போகும் படகில் தெற்கிலிருந்து வரும் யாத்திரிகர்கள்தான் நிறைய. அம்மன் கோயில், விகாரை இரண்டையும் கும்பிட்டுப் போக வருகிறவர்கள். கைப்பையும் குடையுமாக நாங்கள் இருப்பதைப் பார்த்து, இவர்கள் உத்தியோகத்தர்கள், சிங்களம் தெரியும் என்று நினைத்து எங்களிடம்தான் எல்லாவற்றையும் கேட்பார்கள். எவ்வளவு நேரம் எடுக்கும், எந்தத் துறையில் இறங்குவது, கடைசிப் படகு எத்தனை மணிக்கு. அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். காதைத் தொட்டுக் காட்டி, தலையை ஆட்டி, பரிதாபமாக ஒரு சிரிப்புச் சிரிப்பார். அவர்கள் உடனே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வேறு ஆளிடம் போய்விடுவார்கள். பேசினால் தலை சுற்றும் என்று அக்கா படகில் எங்களோடும் வாய் திறப்பதில்லை. அதனால் படகுக்காரரே அதை நம்பிவிட்டார். வருடக்கணக்காக அக்காவிடம் விரலைக் காட்டித்தான் காசு கேட்கிறார். யாராவது அக்காவிடம் ஏதும் கேட்கப் போனால், "அவவுக்குக் கேளாது" என்று சுக்கானைப் பிடித்தபடி சிங்களத்தில் சத்தம் போடுவார்.

ஒருநாள் படகுக்காரர் அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே என்னிடம் பேச்சுக் கொடுத்தார். அக்கா கடலைப் பார்த்தபடி ஆடாமல் அசையாமல் இருக்க, அவர் சொன்னார்: "காது கேளாத மனுசிக்கும் வேலை குடுத்து வைச்சிருக்கினம். என்னதான் சொன்னாலும் எங்கடை கவுண்மேந்து இரக்கமுள்ளது பிள்ளை."

வெள்ளைச் சேலை அம்மா

சனிக்கிழமை பரீட்சை. வெள்ளிக்கிழமை காலை படகில், வெள்ளைச் சேலை கட்டிய ஒரு நடுவயது அம்மா அக்காவுக்குப் பக்கத்தில் வந்து அமர்ந்து, விகாரைக்கு எந்தத் துறையில் இறங்குவது என்று சிங்களத்தில் கேட்டார். அக்கா வழக்கம்போல் காதைத் தொட்டார். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது. அக்காவின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பின்னேரம் திரும்பும் படகிலும் அவர் இருந்தார். அக்காவைத் தேடிக்கொண்டே வந்தார். விகாரையில் ஓதிக் கொடுத்த வெள்ளைக் காப்பு நூலை அக்காவின் மணிக்கட்டில் கட்டி, காதுக்குப் பக்கத்தில் குனிந்து நெடுநேரம் ஏதோ சொன்னார். அக்கா கரைக்கு வந்த பிறகும் அந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார். "அவ சொன்னது விளங்கினதோ அக்கா?" என்று கேட்டேன். "ஒரு சொல்லு விடாமல் விளங்கினது. என்ரை காது சுகமாக வேணும் எண்டு அரை மணித்தியாலம் வேண்டினவவாம். பிள்ளை, எனக்குப் பூமிக்குள்ளை போகலாம் போலை கிடக்கு."

மூன்றாவது கதவு

சனிக்கிழமை காலை அக்காவுக்குக் காய்ச்சல் வரவில்லை. இரண்டு பேரும் யாழ்ப்பாணம் டவுனுக்குப் போனோம். அக்காவின் சுட்டிலக்கத்துக்கு அடுத்தது என்னுடையது. பரீட்சை நடந்த மூன்றாவது கதவுக்கு வெளியே, ஒரு நீள வாங்கில் உட்கார்ந்திருந்தேன். அக்காவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அவர் கதவைத் திறந்தார், அப்படியே நின்றுவிட்டார். மேசைக்குப் பின்னால் இரண்டு பரீட்சகர்கள். ஒருவர் அந்த வெள்ளைச் சேலை அம்மா. இன்று நீலச் சேலை.

அவர் முதலில் அக்காவின் மணிக்கட்டு நூலைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். உடனே பக்கத்தில் இருந்தவரிடம் சிங்களத்தில் சொன்னார்: "பாவம், இவருக்குக் காது கேட்காது. கேள்விகளை எழுதிக் கொடுப்போம். பதிலையும் எழுதட்டும்." மற்றவரும் தலையாட்டி ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். எழுத்து என்றால் அக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கையை நீட்டித் தாளை வாங்கினால் போதும். ஒரு சொல்லும் பேசாமல் எட்டு வருடத் தடையைத் தாண்டிவிடலாம்.

அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டு நூலை ஒருமுறை தொட்டார். பிறகு வாங்கில் இருந்த எல்லோருக்கும் கேட்கும்படியாக, சிங்களத்தில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: "எனக்குக் காது கேட்கும் மேடம். எப்போதும் கேட்டது. சிங்களத்தில் பேசப் பயந்து பொய் சொன்னேன். உங்களுக்கும் சொன்னேன். என்னை மன்னிக்க வேண்டும்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். "நேற்றுப் பின்னேரம்தானே கட்டினேன்" என்றார். "இவ்வளவு கெதியாகப் பலிக்கும் என்று நான் நினைக்கவில்லை. உள்ளே வந்து இருங்கள், கதைப்போம்."

யாருக்கு நேர்த்தி?

திங்கட்கிழமை படகில் ஒரு முதியவர் அக்காவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்க வாயெடுத்தார். "அவவுக்குக் கேளாது" என்று படகுக்காரர் சத்தம் போட்டார். பழக்கதோசத்தில் நானும் அக்காவைக் காட்டி என் காதைத் தொட்டேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டு, முதலில் கோயில் துறை, அடுத்தது விகாரைத் துறை, கடைசிப் படகைத் தவறவிட வேண்டாம் என்று முதியவருக்குச் சிங்களத்தில் விளக்கினார். பிழைகள் இருந்தன. முதியவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

படகுக்காரர் எஞ்சினை மெதுவாக்கிவிட்டு எங்களிடம் வந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. "அக்கா, அம்மனோ, புத்தரோ? ஆர் சுகப்படுத்தினது எண்டு மட்டும் சொல்லுங்கோ. எனக்கு முழங்கால் ஏலாது, ஒரு நேர்த்திக்கடன் வைக்கவேணும்."

மூன்றாம் பிரதி

முடிவுகள் வர மூன்று மாதம் எடுத்தது. அக்காவும் நானும் சித்தியடைந்திருந்தோம், ஆனால் என்னிடம் கேட்டது என்ன, நான் சொன்னது என்ன என்று இன்றுவரை ஞாபகமில்லை. அக்காவின் சம்பள ஏற்றம் மீண்டும் வழங்கப்படுகிறது என்ற கடிதத்தை நான்தான் தட்டச்சுச் செய்தேன். மூன்று பிரதி. இந்த முறை லாச்சிக்குள் வைக்காமல் நேரே பொறுப்பதிகாரியின் அறைக்குக் கொண்டுபோனேன். அவர் அதை எடுத்துக்கொண்டு அக்காவின் மேசைக்கே வந்தார். அங்கேயே குனிந்து, பேனை மூன்று தாளையும் தாண்டி மேசைவிரிப்பில் பதியும்படி கையெழுத்து வைத்தார். பின்னாலேயே பால் தேத்தண்ணியும் ரோல்சும் வந்தன.

அக்கா மூன்றாம் பிரதியை எடுத்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு ரோல்சை இரண்டாகப் பிய்த்து, பெரிய பாதியைப் பொறுப்பதிகாரியிடம் நீட்டினார்.