படகைப் பிடிக்கலாம்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவருக்கு ஒவ்வொரு நாளும் நடுவில் ஓட்டை விழுந்த நாள்தான். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, இருக்கைகளுக்கு அடியில் கிடக்கும் தண்ணீர் பாட்டில், ஒற்றைக் காலுறை, பாதி கடித்த ஆப்பிள் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டால், பிற்பகலில் பள்ளி விடும் வரை அவரைக் கேட்பார் யாருமில்லை. மற்ற ஓட்டுநர்கள் பணிமனை ஓய்வறையில் காலை நீட்டிப் படுப்பார்கள், சீட்டாடுவார்கள், மேலாளரைத் திட்டுவார்கள். நம் ஓட்டுநர் மட்டும் ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருக்கும் பொது நீச்சல் குளத்துக்குக் கிளம்பிவிடுவார். திரும்பி வந்ததும், தலையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட, ஓய்வறையின் மூலை மேசையில் பாடப் புத்தகத்தைத் திறப்பார்.

"என்ன மீனு, இன்னைக்கு எத்தனை கிலோ தேறும்?" என்று யாராவது கேட்பார்கள்.

"செதில் போக ரெண்டு கிலோ தேறும்பா" என்பார், புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே.

வயது நாற்பத்திரண்டு. உட்கார்ந்து உட்கார்ந்தே இடுப்பு பிடித்துக்கொண்டதால் நடக்க ஆரம்பித்தவர், நடையிலிருந்து ஓட்டத்துக்குப் போனார். முழங்கால் முணுமுணுக்கவே பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினார். பிறகு, நீந்தத் தெரியாத வெட்கத்தில் குளத்தில் இறங்கினார். மூன்றையும் ஒரே மூச்சில் செய்யும் டிரையத்லான் என்றொரு போட்டி உண்டென்று தெரிந்த நாளில், சின்னப் பிள்ளைபோல் அவருக்கு உறக்கம் வரவில்லை. பதினான்கு வயதில் அப்பா படுக்கையில் விழுந்தபோது பள்ளியை விட்டு வேலைக்குப் போனவர் அவர். அன்றிலிருந்து செய்ததெல்லாம் பிறருக்காகத்தான். தனக்கென்று ஆசைப்பட்டவை இரண்டே. ஒன்று இந்தப் போட்டி. மற்றொன்று, மாலை வகுப்பில் படிக்கும் போக்குவரத்து நிர்வாகப் பட்டயம்.

ஆனால் அந்த ஆசைகளுக்கும் அவர் தனக்குத்தானே ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தார். தன்னால் வீட்டில் யாருக்கும் ஒரு துளி பாரமும் கூடிவிடக் கூடாது. மனைவிக்கு மருத்துவமனையின் கட்டணப் பிரிவில் வேலை. ஷிப்ட் வாரத்துக்கொரு விதமாக மாறும். மகளுக்குப் பத்து வயது. வேலை தேடி வந்த மனைவியின் தம்பி, வரவேற்பறைச் சோபாவையே வீடாக்கிக்கொண்டு, கைபேசி பழுதுபார்க்கும் கடையில் ஒட்டிக்கொண்டிருந்தான். இத்தனை பேருக்கும் சேர்த்து ஓட்டுநர் விடியுமுன் எழுந்து சமைப்பார், துணியைக் காயப்போடுவார். பிறகு பால்கனியில் சைக்கிளைத் தாங்கியில் மாட்டி, நின்ற இடத்திலேயே மிதிப்பார். கீழ் வீட்டுக்காரர் விளக்குமாற்றுக் கட்டையால் கூரையைத் தட்டுகிற வரைக்கும் அன்றைய பயிற்சி.

"நான் எழுந்து சமைக்க மாட்டேனா?" என்பாள் மனைவி.

"எதுக்கு உனக்குச் சிரமம்? நான் பாத்துக்கிறேன்."

அந்த 'நான் பாத்துக்கிறேன்' நல்ல மனசிலிருந்து வருவதுதான். ஆனால் அதைக் கேட்கும்போதெல்லாம், முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியது போலிருக்கும் அவளுக்கு.

முதல் போட்டி போன வருடம் நடந்தது. ஏரியில் முக்கால் கிலோமீட்டர் நீச்சல், பிறகு இருபது கிலோமீட்டர் சைக்கிள், கடைசியில் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம். குளத்தில் நீந்தும்போது கண்ணுக்குக் கீழே நீலக் கோடு ஒன்று கூடவே வரும். ஏரிக்குள் முகத்தை விட்டால் பச்சையும் கறுப்பும் கலந்த சூனியம். போதாக்குறைக்கு, முன்னால் போன எவருடைய குதிகாலோ அவர் மூக்கைப் பதம் பார்த்தது. மூச்சு தொண்டைக்குழியிலேயே நின்றுவிட்டது. கைக்கு எட்டிய தூரத்தில் காவலுக்கு நின்ற துடுப்புப் படகின் மூக்கைப் பிடித்தார். பிடித்த அந்தக் கணத்திலேயே தன் கணக்கு தீர்ந்தது என்று முடிவும் கட்டிவிட்டார்.

"ஏத்திக்கோம்மா" என்றார்.

"நிச்சயமாவா சார்? கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறீங்களா?" என்று கேட்டாள் துடுப்பு வைத்திருந்த பெண்.

நம் ஆள் தன் மூச்சைப் பற்றியெல்லாம் யோசிக்கவில்லை. பாவம், இந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம் காக்க வைப்பது என்றுதான் யோசித்தார். ஏறிக்கொண்டார்.

கரையில் நின்ற அதிகாரிக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. "படகைப் பிடிச்சுக்கிட்டு எவ்வளவு நேரம் வேணும்னாலும் ஓய்வெடுக்கலாமே சார்! படகு உங்களை முன்னால இழுத்துட்டுப் போகக் கூடாது, அவ்வளவுதான் விதி. ஏறினாத்தான் அவுட்டு. ஆரம்பத்துலயே எல்லாருக்கும் சொன்னோமே?"

சொன்னார்கள்தான். அந்த நேரத்தில் இவர், முதுகுப்பக்கம் கை எட்டாமல் தவித்த ஒருவருடைய நீச்சல் உடைக்கு ஜிப் போட்டு விட்டுக்கொண்டிருந்தார்.

வீட்டில் இதைக் கேட்ட மச்சினன் சோபாவில் உருண்டு உருண்டு சிரித்தான். "மாமா! இத்தனை வருஷமா பஸ் ஓட்டுறீங்க. இறங்க வேண்டிய இடத்துல போய் ஏறிட்டீங்களே!"

மனைவி சிரிக்கவில்லை. "தொட்டாலே தோத்துட்டோம்னு உங்களுக்கு யாருங்க சொன்னா?"

"யாரும் சொல்லலை."

"அதான். யாரும் சொல்லாததையெல்லாம் நீங்களே சொல்லிக்குவீங்க."

அவர் தரையைப் பார்த்தபடி, "அடுத்த வருஷமும் முடிக்கலைன்னா சைக்கிளை வித்துடுறேன். இந்தக் கூத்தெல்லாம் போதும்" என்றார்.

சொன்னதைச் செய்கிற மனிதர் அவர். சைக்கிள் போனால் என்ன ஆகும் என்பது அவளுக்குத் தெரியும். சாப்பிடுவார், தூங்குவார், வேலைக்குப் போவார். கேட்டால் நல்லாத்தான் இருக்கேன் என்பார். பழையபடி வீட்டிலிருக்கும் ஒரு நல்ல நாற்காலியாகிவிடுவார்.

அடுத்த வருடப் பயிற்சி இரு மடங்கானது. பேருந்திலிருந்து குளம், குளத்திலிருந்து புத்தகம், புத்தகத்திலிருந்து பேருந்து, அங்கிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து மாலை வகுப்பு. எல்லாவற்றையும் சுமந்தார். முகம் மட்டும் ஒட்டிப்போனது. வகுப்பில் ஒரு நாள் மேசையில் தலை சாய்ந்து, பேனா மை கன்னத்தில் படிந்து வீடு வந்தார். "பரீட்சைக்கு முகத்துலயே எழுதிட்டுப் போறீங்களா மாமா?" என்றான் மச்சினன்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை. மகளுக்குப் பள்ளி முடிந்ததும் இசை வகுப்பு உண்டு. அன்று மனைவிக்குப் பகல் ஷிப்ட் நீண்டுவிட்டது. அழைத்து வரத் தம்பியை அனுப்பட்டுமா என்று போனில் கேட்டாள். வழக்கம்போல் நான் பாத்துக்கிறேன் என்றார். பிற்பகல் சுற்று முடிந்தது. அறுபது பிள்ளைகளையும் தலை எண்ணி, அவரவர் வாசலில் இறக்கினார். ஒரு பிள்ளைகூடப் பிசகவில்லை. பேருந்தைக் கழுவினார். பணிமனைக்குப் பின்னாலிருந்த மேட்டுச் சாலையில் ஓடவும் ஓடினார். சாலையின் உச்சியில் மூச்சு வாங்கி நின்றபோதுதான் மகள் நினைவுக்கு வந்தாள்.

பள்ளி வாசலில் காவலாளியின் முக்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். புத்தகப்பை மடியில். அழவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

"அப்பா, நான் உங்க பஸ்ஸுல இல்லாததால எண்ண மறந்துட்டீங்களா?"

கிண்டல் இல்லை, கோபம் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, வீடு வரைக்கும் அவள் கையை விடாமல் நடந்தார்.

அன்று மனைவி சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அடுப்படி வாசலில் நின்றாள்.

"நீங்க ஓடுறது எனக்குப் பிரச்சினையே இல்லை. படிக்கிறதும் இல்லை. உங்களுக்கு மூணு பேர் இருக்கோம். என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா உங்க வாய் தேஞ்சு போயிடுமா? நான் என்ன இந்த வீட்டுக்கு விருந்துக்கு வந்தவளா?"

அவர் அடுப்பைத் தணித்தார். பிறகு, தொண்டையில் முள் சிக்கியவர்போல், ஒவ்வொரு சொல்லாக வெளியே எடுத்தார்.

"உனக்குச் சிரமம் இல்லைன்னா... வேற வேலை ஒண்ணும் இல்லைன்னா... ஒருவேளை முடியும்னா... வெள்ளிக்கிழமை மட்டும் பாப்பாவை..."

"என்னங்க, கடனா கேக்குறீங்க? இவ்வளவு பீடிகை எதுக்கு?" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்தபடி, "திருப்பிச் சொல்லுங்க. சுருக்கமா."

"வெள்ளிக்கிழமை பாப்பாவைக் கூட்டிட்டு வா."

"ம். வர்றேன்."

கேட்பதும் ஒரு பயிற்சி என்பது அதன் பிறகுதான் அவருக்குப் புரிந்தது. நீச்சலைவிடக் கடினமான பயிற்சி. வெள்ளி மனைவியின் பொறுப்பானது. துணி காயப்போடுவது மகளுக்கு. அவள் எல்லாக் கால்சட்டைகளையும் தலைகீழாகத் தொங்கவிட்டாள். அதைத் திருத்தப் போன கையை அவர் பாதியில் இழுத்துக்கொண்டார். மச்சினனுக்குக் கிடைத்ததுதான் கொடுமையான வேலை. அவர் பால்கனியில் மிதிக்க, பக்கத்தில் உட்கார்ந்து பாடத்தை உரக்க வாசிக்க வேண்டும்.

"'வாகனத் தேய்மானம் என்பது...' மாமா, இதையெல்லாம் எழுதுறவனுக்குக் கல்யாணம் ஆகியிருக்குமா?"

"படிடா."

"'நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் சம அளவில் குறையும்.' உங்க தொப்பை மாதிரி. அது மட்டும் நேர்கோட்டுல குறையலை."

"டேய், மிதிக்கிறவனைச் சிரிக்க வைக்காதடா. மூச்சு போகுது."

தேர்வு வந்தது. நான்கு தாளில் மூன்று தேறின. கணக்கியல் காலை வாரிவிட்டது. மறுபடி எழுத வேண்டும். பணிமனையில் "மீனுக்கு முள்ளு தைச்சிருச்சு" என்றார்கள். மூன்று தேறியதே பெரிய விஷயம் என்று வீட்டில் ஒரு வாய் இனிப்பு சாப்பிட்டார்கள்.

அடுத்து ஏரி.

இந்தமுறை கரையில் அதிகாரி பேசத் தொடங்கியதும், யார் ஜிப் திறந்து கிடந்தாலும் சரி என்று கைகளைக் கட்டிக்கொண்டு கடைசிச் சொல் வரை கேட்டார். விசில் ஊதியதும் நூறு பேர் ஒன்றாகத் தண்ணீரைக் கலக்கினார்கள். பாதி தூரம் நன்றாகவே போனது. ஆரஞ்சு மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் நெரிசல். யாரோ அவர் தோளில் ஏறிப் போனார்கள். நீச்சல் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தது. அதே கறுப்பு. அதே தொண்டைக்குழி. கால்கள் கல்லாகிக் கீழே இழுத்தன. படகு பத்தடி தொலைவில் நின்றது. அதற்குள் மனம் பழைய பாட்டைத் தொடங்கிவிட்டது. யாருக்கும் தொந்தரவு வேண்டாம், தனியாகவே சமாளி. சமாளிக்கப் பார்த்தார். ஒரு வாய் ஏரித் தண்ணீர் உள்ளே போனது.

கையை உயர்த்தினார்.

"வாங்க சார்" என்று படகு அருகே வந்தது. இந்த வருடம் துடுப்புக்குப் பின்னால் இருந்தவன் காதில் வளையம் போட்ட ஓர் இளைஞன். அவர் படகின் விளிம்பை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார்.

"ஏறுறீங்களா?"

"இல்ல தம்பி. பிடிச்சுக்கிட்டு மட்டும் இருக்கேன்."

"தாராளமா."

இருமினார். மூச்சு விட்டார். இன்னும் கொஞ்சம் இருமினார். மற்றவர்கள் அவரைக் கடந்து போய்க்கொண்டிருந்தார்கள். சிவப்பு நீச்சல் தொப்பிகள் ஒவ்வொன்றாகத் தூரத்தில் சிறுத்தன. போகட்டும் என்று விட்டார். கண்ணாடியைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டினார். வெட்கம் வருகிறதா என்று தனக்குள் துழாவிப் பார்த்தார். கொஞ்சம் வந்தது. தாங்க முடியாத அளவுக்கு இல்லை.

"உங்களை ரொம்ப நேரம் நிறுத்தி வெச்சுட்டேனா தம்பி?"

"என் வேலையே நிக்கிறதுதான் சார்."

அதைக் கேட்டதும் அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததும் மூச்சு தானாகக் கீழே இறங்கியது. விளிம்பிலிருந்து முதலில் ஒரு கையை எடுத்தார். பிறகு மற்றதை.

கரையில் ஏறியபோது அவருக்குப் பின்னால் மூன்றே பேர். நேர வரம்பு முடியச் சற்றே மிச்சம். அதன் பிறகு சைக்கிள் அவருக்குச் சொந்த வீடு. பேருந்து ஓட்டுகிறவருக்கு வளைவும் எதிர்க்காற்றும் புதிதா என்ன! ஒவ்வொருவராக முந்தினார். ஓட்டத்தில்தான் வந்தது வினை. மூன்றாம் கிலோமீட்டரில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நொண்டியபடி போகிறவரைத் தடுப்புக்கு வெளியே நின்ற மச்சினன் பார்த்துவிட்டான். மனசு கேட்குமா? குறுக்கே தாவி, தண்ணீர் பாட்டிலோடு ஓடி வந்தான்.

"மாமா! பிடிங்க! தோள்ல கை போடுங்க!"

"டேய், தள்ளிப் போடா! இங்க வெளியாள் உதவி பண்ணா அவுட்டுடா!"

"நான் வெளியாளா? ஏழு மாசம் தேய்மானம் படிச்சுக் காட்டினவன் வெளியாளா?"

அடையாள அட்டை மாட்டிய அதிகாரி ஒருவர் விசில் அடித்துக்கொண்டு ஓடி வர, மச்சினன் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தடுப்புக்கு வெளியே பாய்ந்தான். ஓட்டுநர் தனியாக நொண்டினார். வெளியிலிருந்தே மச்சினனும் கூடவே ஓடினான். கத்த வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையாதலால், தொண்டை கிழியக் கத்தினான். "நேர்கோட்டு முறையில! நேர்கோட்டு முறையில மாமா!" சுற்றியிருந்தவர்கள் அது ஏதோ பயிற்சி உத்தி என்று எண்ணிக் கைதட்டினார்கள்.

கடைசிக் கோட்டைத் தாண்டினார். கடைசியிலிருந்து பதினோராவது ஆள். கழுத்தில் ஒரு பதக்கம் விழுந்தது. தட்டையான தகடுதான், ஆனால் அழகாக இருந்தது. நான்கு அடி நடந்து, புல்தரையில் மனைவியும் மகளும் விரித்திருந்த துண்டின்மேல் பொத்தென்று உட்கார்ந்தார். காலணியைக் கழற்றக் குனியப் பார்த்தார். இடுப்பு மடங்கவில்லை. இன்னொரு முறை பார்த்தார். மடங்கவில்லை.

மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள். தானாகக் குனியவில்லை. காத்திருந்தாள்.

"கழட்டி விடேன்" என்றார்.

அவள் சட்டென்று மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். காலணியை உருவியதும் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இப்படி நாறும்னு முன்னாடியே சொல்லியிருந்தா நான் யோசிச்சிருப்பேன்."

"இன்னொண்ணு இருக்கு" என்று மறுகாலை நீட்டினார்.

மகள் அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.