செங்கல் மேல் ஓடிய கார்

பேகம்பேட்டிலிருந்து ஒருவர் வந்து, எங்கள் அலமாரியில் இருக்கும் சின்னக் காரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிமோட்டில் ஓடும் கார்தான். ஆனால் பேட்டரியில் அல்ல, உள்ளே நிஜ எஞ்சின். அந்தக் காலத்துச் சரக்கு இப்போது கிடைப்பதில்லையாம். "ஒரிஜினல் பெயிண்ட் ஆன்ட்டி, என்னை மாதிரி யாரும் விலை தரமாட்டாங்க" என்றார். டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். நான் அதிகம் படித்தவள் இல்லை. இருந்தாலும் அந்தக் காரின் மதிப்பை இன்னொருவர் வந்து எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அப்போது நாங்கள் அல்வாலில் இருந்தோம். அப்பா ஒரு பட்டாளத்து ஆபீசருக்கு டிரைவர். பங்களாவின் பின்புறம் எங்களுக்கு ஓர் அறை. ஆபீசரின் ஒரே மகன் ஞாயிற்றுக்கிழமை காலையில் முற்றத்தில் அந்தக் காரை ஓட்டுவார். குளவிக் கூடு கலைந்தது போல ஒரு சத்தம். விளக்கெண்ணெய் கருகுகிற வாசனை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து அவர் போய்விட்டார். காரியம் முடிந்ததும் ஆபீசர் காரைத் தூக்கி அப்பா கையில் கொடுத்து, "என் கண்ணுல படாம கொண்டு போயிடு" என்றார். அவர் மனைவியை யாரும் கேட்கவில்லை.

எனக்கோ தலைகால் புரியவில்லை. வேலைக்காரர் குடியிருப்பு லைனில் எந்தப் பெண்ணுக்கு எஞ்சின் வைத்த கார் இருந்தது?

அப்பா அதைத் தரையில் ஓட்டவே இல்லை. ஞாயிறுதோறும் செங்கல் மேல் சக்கரம் அந்தரத்தில் நிற்கும்படி வைத்து, காரோடு வந்த எண்ணெயில் கொஞ்சம் ஊற்றி, கயிறு சுற்றி இழுப்பார். ஆபீசர் ஊரில் இல்லாதபோது ஜீப்பையும் இப்படித்தான் ஸ்டார்ட் பண்ணி வைப்பார். சும்மா கிடந்தால் எஞ்சின் இறுகிவிடும் என்பார்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "பிள்ளையைப் பறிகொடுத்தவ காதுல விழுற மாதிரி இதைப் போய் அலற விடுறீங்களே, நெஞ்சுல ஈரம் இருக்கா? நக்கோ. இனிமே வேணாம்."

அப்பா நிறுத்திவிட்டார்.

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்களா அம்மாள் தானே நடந்து எங்கள் அறைப் பக்கம் வந்தார். அந்தப் படியை அவர் அதுவரை மிதித்ததில்லை. காரைக் கேட்கத்தான் வருகிறார் என்று நினைத்தேன். ஓடிப்போய் அதை அழுக்குத் துணி மூட்டைக்குள் திணித்து மேலே உட்கார்ந்துகொண்டேன்.

அவர் வாசலிலேயே நின்றார். கோயமுத்தூர்க்காரர், மெதுவாகத்தான் பேசுவார்.

"ஏனுங்க டிரைவர், இப்பெல்லாம் வண்டிய ஸ்டார்ட் பண்றதில்லீங்களா?"

அப்பா தலைகுனிந்தார். "உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு இவதான்மா..."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் எங்கள் அம்மாவைப் பார்த்து, "இல்லீங்க கண்ணு" என்றார். அவ்வளவுதான். புடவைத் தலைப்புக்குள்ளிருந்து ஒரு தகர டின்னை எடுத்து அப்பாவிடம் நீட்டினார். அவர் மகன் வைத்திருந்த எண்ணெய்.

"எந்திரிடீ" என்று அப்பா என்னைத் தூக்கி நிறுத்தி, மூட்டையிலிருந்து காரை எடுத்தார். செங்கல் வைத்தார். கயிறு சுற்றி இழுத்தார். இரண்டு முறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது.

அந்த அம்மாள் காரைப் பார்க்கவே இல்லை. எங்களுக்கு முதுகைக் காட்டி, பங்களாச் சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றார். எண்ணெய் தீர்ந்து எஞ்சின் நின்ற பிறகும் வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு டின்னை எங்களிடமே விட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. காரைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டேன். கண்ணெதிரே இருந்தும் கேட்டு வாங்கிப் போகவில்லையே, இதன் அருமை தெரியாத அம்மாளாக இருக்கிறாரே என்று அன்றைக்கு அவருக்காகக் கொஞ்சம் பரிதாபப்பட்டேன்.