நாலு பட்டையும் வந்து சேர்ந்தது

சரிதா என் தம்பி தனகோடியின் மூத்த மகள். தனகோடி செத்ததும் அவன் பார்த்த மைன்ஸ் வேலை இவளுக்கு வந்தது. ரெண்டு பிள்ளை பெற்றவள். ஷிப்ட் முடித்து வந்து, குவார்ட்டர்ஸ் பின்னால் கட்டியிருக்கும் மாட்டுக்குத் தானே புல் அறுப்பாள். அவளுக்கு வாய் அதிகம் என்று சொந்தத்தில் எல்லாரும் சொல்கிறார்கள். கல்வராயன் மலையில் நடந்ததைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லட்டும்.

ஜெயகணேஷ் யாரோ இல்லை. என் கூடப் பிறந்த கஸ்தூரியம்மாளின் மகன். சரிதாவுக்கு அத்தை மகன், மாமா முறை. அதனால்தான் எனக்கு வயிறு இன்னும் எரிகிறது.

டவுன்ஷிப் கிரவுண்டில் காலையில் ஓடுகிற கூட்டம் ஒன்றை அவன் நடத்தினான். வந்தவர்கள் பலகையில் பேர் எழுத வேண்டும். ஒருத்தர் வந்து நாலு பேருக்கு எழுதுவார். போர்வைக்குள் கிடக்கிறவனும் ஓடினதாகக் கணக்கு. யாரும் அதைத் தப்பாக நினைக்கவில்லை. சரிதாவும் எழுதியிருக்கிறாள்.

போன ஐப்பசியில் சென்னைக்காரர்கள் யாரோ அந்த மலையில் போட்டி வைத்தார்கள். குழுவுக்கு நாலு பேர். காடு, ஓடை, பாறை தாண்டி நாலு பேரும் சேர்ந்தே வர வேண்டும். ஆளுக்கொரு பட்டையைக் கையில் கட்டிவிட்டார்கள். வழியில் கூடாரத்தில் அதைக் காட்டினால்தான் ஆள் தாண்டியதாக அர்த்தம். "எல்லாருக்கும் பின்னால எங்க ஆளுங்க வருவாங்க. முடியலன்னா அதே எடத்துல ஒக்காந்து விசில் ஊதுங்க" என்று மைக்கில் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

எங்கள் பக்கத்துக் குழுவில் ஜெயகணேஷ், அவன் பின்னாலேயே திரியும் ஹரி, சரிதா, எதிர் குவார்ட்டர்ஸ் காயத்ரி. காயத்ரி தென்காசிப் பக்கத்துப் பெண், ஒல்லி உடம்பு. மத்தியானம் மழை பிடித்தது. ஓடையில் வழுக்கி விழுந்தவள் தலையோடு காலாக நனைந்துவிட்டாள். முழங்கால் வீங்கிப்போனது.

"மாமா, இவளால முடியல. எல்லாரும் இங்கயே நிக்கலாம்" என்றிருக்கிறாள் சரிதா.

"நின்னா பின்னால வர்றவன்லாம் தாண்டிகினு போயிடுவான். ரெண்டு பேரும் பட்டையக் கழட்டிக் குடுங்க, நான் காட்டிடறேன். நீங்க மெதுவா வாங்க."

"அது சரியா வருமா?"

"கிரவுண்டுல பேரு எழுதறதில்லயா? அதேதான்."

ஹரிக்குச் சிரிப்பு. "ஓடாமலே மெடல்! குடுத்து வச்சவங்க நீங்க, சரிதாக்கா."

சரிதாவும் மேலே யோசிக்காமல் ரெண்டு பட்டையையும் கழற்றிக் கொடுத்துவிட்டாள். கூடாரத்துக்காரனும் மழைக்கு ஒதுங்கியபடி பட்டையை எண்ணினான், தலையை எண்ணவில்லை. எல்லாக் குழுவும் தாண்டியாயிற்று என்று, பின்னால் வந்துகொண்டிருந்த தங்கள் ஆட்களைத் திரும்பச் சொல்லிவிட்டார்கள். மெடல் கொடுத்த இடத்திலும் பட்டைக் கணக்குதான்.

இவளுக்கு அது எப்படித் தெரியும்? ஆள் வரும் என்று, தாண்டிப் போன மற்றக் குழுக்களையும் நிறுத்தாமல், பாறையோரம் காயத்ரியை அணைத்துக்கொண்டு விசில் ஊதிக்கொண்டிருந்தாள். மூடுபனி இறங்கியது. காயத்ரிக்கு உதடு நீலமாகிப் பல் கிட்டியது. கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. தேவலை என்று நினைத்தாளாம் இவள். அதுதான் ஆபத்து என்று பிற்பாடு டாக்டர் சொன்னார். "அடுப்புல பால் வச்சிருக்கேன்க்கா, பொங்கிரும்" என்று உளற ஆரம்பித்தாள் காயத்ரி.

அப்போதுதான் சரிதாவுக்கு உறைத்தது. பட்டை போய்ச் சேர்ந்துவிட்டது. இனி யாரைத் தேடிக்கொண்டு யார் வருவார்கள்? தலையில் அடித்துக்கொண்டு, காயத்ரியை முதுகில் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எத்தனை தடவை விழுந்தாளோ. சரிவில் மரவள்ளிக் கொல்லையும் ஒரு குடிசையும் தெரிந்தன. அங்கே இருந்த வீரம்மாளும் புருஷனும் ஒன்றும் கேட்கவில்லை. ஈரத்துணியை உருவிப்போட்டுக் கம்பளியில் சுற்றி, சூடாகக் கஞ்சி கொடுத்து, கம்பில் தூளி கட்டி ரோடு வரைக்கும் சுமந்தார்கள். அந்தப் புண்ணியவதி எனக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை.

காயத்ரியை ஆம்புலன்ஸில் ஏற்ற, போட்டி முடிகிற மைதானத்துக்குத்தான் வர வேண்டியிருந்தது. ஜெயகணேஷ் கழுத்தில் மெடல் போட்டுக்கொண்டு நிற்கிறான். "வந்துட்டியா? ஒங்க ரெண்டு பேருதையும் வாங்கி வச்சிருக்கேன்" என்கிறான்.

சரிதா போட்டி நடத்தினவனிடம் போனாள். "எங்களத் தேடுனீங்களாய்யா?"

"நீங்கதான் அப்பவே வந்துட்டீங்களே, மேடம்."

"வந்தது பட்டை. ஆளு இப்பத்தான் வருது" என்று மைதானமே திரும்பிப் பார்க்கக் கத்தினாள். ஜெயகணேஷ் தனக்கென்று வாங்கி வைத்திருந்த மெடலைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தாள். இதைத்தான் வாய் அதிகம் என்கிறார்கள்.

கஸ்தூரி என்னிடம் வந்தாள். "உசுரோட வந்துட்டாங்க இல்ல? சொந்தத்துக்குள்ள எதுக்குண்ணா பஞ்சாயத்து?"

"உன் மவனா தூக்கிகினு வந்தான்? உம் வூட்ல ஒரு பொண்ண அப்படி வுட்டுட்டு வந்திருந்தா சும்மா இருப்பியா?" என்றேன். அதிலிருந்து என் வீட்டு வாசலை அவள் மிதிக்கவில்லை. மிதிக்க வேண்டாம்.

காயத்ரி கண் திறந்த மறுநாள், ஆஸ்பத்திரிக்கு ஜெயகணேஷ் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். வார்டு வாசலில் ஸ்டூல் போட்டு சரிதா உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

"ஒரு நிமிஷம் காயத்ரியப் பாத்துட்டுப் போயிடறேன்" என்றான்.

சரிதா எழுந்திருக்கவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"நீங்க எதுக்கு மாமா உள்ள வந்துகினு? வீட்டுக்குப் போங்க. வந்து பாத்தீங்கன்னு நானே சொல்லிடறேன்."

பையைக் கையில் பிடித்தபடி அவன் நின்றான். அவள் காலை மடக்கி வழி விடவில்லை.