ஊருக்குத் தெரியாமல் ஒரு கஞ்சா எண்ணெய்

மருந்துக்கடையில் நிற்பவருக்குக் காது இரண்டும் வேண்டும், வாய் பாதி போதும், முகம் இல்லாமலே இருந்தால் இன்னும் விசேஷம். சொந்தச் சனங்களுக்கு மருந்து கொடுத்த எவருக்கும் இது விளங்கும். நான் இப்போது எல்லர்ஸ்லியில் ஒரு அலுவலகத்தில், நல்ல கதிரையில் இருந்து, மருந்துகளைப் பற்றி டொக்டர்மார் கேட்கும் கேள்விகளுக்குக் கணினியில் பதில் எழுதுகிறேன். கால் வலி இல்லை. "பிள்ளை, ஒரு விஷயம்" என்று குரலைத் தாழ்த்தித் தொடங்கவும் ஆள் இல்லை. பின்னேரம் தேத்தண்ணியைக் கையில் எடுத்தால் பாட்டனி டவுன்ஸில் நான் வேலை செய்த கடைதான் நினைவுக்கு வருகிறது. சும்மா சொல்லக்கூடாது, அந்தச் சனம் இல்லாமல் எனக்கு வெறிச்சென்றுதான் இருக்கிறது.

சவர்க்காரம் வாங்க வந்தவர்

நகரின் மறுகோடியில், சான்ட்ரிங்ஹாமில் இருக்கிற நம்மவர்கள் மருந்து வாங்க ஏன் பாட்டனி டவுன்ஸ் வரை வருகிறார்கள் என்று முதலில் எனக்குப் பிடிபடவில்லை. வழியில் எத்தனை கடை. அந்தக் கடைகளில் எல்லாம் தெரிந்த முகம் யாராவது நிற்கும், அதுதான் வில்லங்கம். கோயிலில் காணாத முகமாகப் பார்த்து வாங்குவோம் என்று மோட்டர்வே ஏறி வந்தால், இங்கே கவுண்டரில் 'யசோதினி' என்று நெஞ்சில் பெயரைக் குத்திக்கொண்டு நான். நித்திரைக் குளிசைக்கும் மூலத்துக் களிம்புக்கும் வந்தவர்கள் என்னைக் கண்டதும் ஒரு சீப்பை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

ராதா அக்காவும் முதலில் குளிக்கிற சவர்க்காரம்தான் வாங்கினார். அடுத்த முறையும் சவர்க்காரம். அதற்கடுத்த முறை, கடையில் வேறு ஆட்கள் இல்லை என்று பார்த்து, மருந்துச் சீட்டை நீட்டினார். மகள் அபிராமிக்குப் பதினாறு வயது, வலிப்பு. குளிசைகள் போதாமல் போக, ஸ்பெஷலிஸ்ட் சிபிடி எண்ணெயும் எழுதியிருந்தார். பிள்ளைக்கு வலிப்பென்று சொந்தத் தங்கைக்குக்கூட அவர் சொல்லவில்லை. நாளைக்குக் கலியாணம் பேசும்போது யாராவது வாய் திறந்துவிட்டால் என்ற பயம். மருந்தை ஓர்டர் பண்ண வேண்டும், வந்ததும் சொல்கிறேன் என்றேன். தலையாட்டிவிட்டு வாசல் வரை போனவர் திரும்பி வந்து கேட்டார்:

"பிள்ளை, நீங்கள் எந்தக் கோயிலுக்குப் போறனீங்கள்?"

தலை சுற்றாத கஞ்சா

போத்தல் வந்ததும் ராதா அக்கா லேபிளை வாசித்தார். முகம் வெளுத்தது. என்னோடு வேலை செய்த மதுரைக்காரி செல்வி, "அக்கா, முதல்ல உக்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போட்டாள். பிள்ளைக்குக் கஞ்சாவா என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். கஞ்சாச் செடிதான் அக்கா, என்றேன். ஆனால் அந்தச் செடிக்குள் எத்தனையோ பொருட்கள். தலையைச் சுற்ற வைப்பதும் ஆளைச் சிரிக்க வைப்பதும் டிஎச்சி என்ற ஒன்று. இது சிபிடி, வேறொன்று. இது போதை தராது. மூளையின் நரம்புகள் ஒரே நேரத்தில் கத்தத் தொடங்குவதுதான் வலிப்பு. அந்தக் கத்தலை இது தணிக்கும். எப்படித் தணிக்கிறது என்பது ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கே இன்னும் முழுதாகத் தெரியாது.

நித்திரை வரும், வயிறு இளகும், பசி குறையலாம், ஈரலுக்கு இடைக்கிடை இரத்தப் பரிசோதனை வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். கடைசியாகச் சாப்பாடு. எண்ணெய் மருந்து கொழுப்போடு போனால்தான் உடம்பில் நன்றாகச் சேரும், வெறும் வயிற்றில் குடித்தால் பெரும்பகுதி வீண். தினமும் ஒரே மாதிரிச் சாப்பாட்டோடு கொடுங்கள் என்றேன். அபிராமி காலையில் பாணும் பட்டரும் சாப்பிடுகிறவள், அதோடே கொடுப்பதென்று முடிவாயிற்று. ராதா அக்கா போத்தலைச் சேலைக் கடைப் பை ஒன்றுக்குள் வைத்துச் சுற்றினார்.

"அப்ப ஒரே செடியில குழப்படிப் பிள்ளையும் இருக்கு, அமைதியான பிள்ளையும் இருக்கு. எங்கட குடும்பம் மாதிரித்தான்."

முழங்காலுக்குக் கொஞ்சம்

அந்தக் குளிர்காலம் முழுக்க அபிராமிக்கு வலிப்பு வரவில்லை. ராதா அக்கா கடைக்கு வந்தால் சிரிக்கவும் தொடங்கியிருந்தார். இதைக் கண்டு அவருடைய கணவர் பாலா அண்ணைக்கு ஆசை வந்துவிட்டது. அவர் பஸ் ஓட்டுகிறவர், முழங்கால் வலி. மூளையையே அடக்குகிற மருந்துக்கு முழங்கால் எம்மாத்திரம் என்று மகளின் போத்தலில் கொஞ்சம் எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒருநாள் வார்ஃபரின் குளிசை எடுக்க வந்தவரின் கையில் நீலம் நீலமாகக் கண்டல். விசாரித்தேன், சொல்லிவிட்டார்.

வார்ஃபரின் இரத்தம் கட்டியாகாமல் இருக்கக் கொடுப்பது. அதையும் சிபிடியையும் கரைத்து வெளியே அனுப்புவது ஈரல்தான். ஒரே கவுண்டரில் இரண்டு வரிசை நின்றால் என்ன நடக்கும் என்று எங்கள் கடையையே காட்டினேன். சிபிடி முன்னால் வந்து மறித்து நிற்க, வார்ஃபரின் போக வழியில்லாமல் உடம்பில் கூடிவிடும். இரத்தம் அளவுக்கு மேல் இளகும். கடையில் இருந்தபடியே அவருடைய டொக்டருக்குப் போன் போட்டு, அன்றைக்கே இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். முழங்காலுக்கு இது கேட்கும் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரமும் இல்லை, சில போத்தல்களில் டிஎச்சி துளியளவு இருக்கலாம், பஸ் ஓட்டுகிறவர் அதை யோசிக்க வேண்டாமா என்றும் கேட்டேன். அண்ணை பெருமூச்சு விட்டார்.

"பஸ்ஸும் ஓட வேணும், முழங்காலும் மடங்க வேணும், இரத்தமும் அளவா ஓட வேணும். ஒரு மனிசன் எத்தினையைத்தான் பிள்ளை பாக்கிறது?"

சஷ்டிக்குப் பிறகு

கந்தசஷ்டி முடிந்த மறுநாள் ராதா அக்கா போத்தலைக் கொண்டுவந்து கவுண்டரில் டொக் என்று வைத்தார். பக்கத்தில் அபிராமி, நெற்றியில் வீக்கம். சூரன்போர் அன்று கோயிலில், அத்தனை சனத்துக்கும் நடுவில், வலிப்பு வந்து விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ராதா அக்காவுக்கு என்மேல்தான் கோபம். "மருந்து பழுது பிள்ளை. எத்தினை மாசம் ஒண்டுமில்லாமல் இருந்தது" என்றார். போத்தலின் திகதியைப் பார்த்தேன், அளவைக் கேட்டேன், குளிசைகளைக் கேட்டேன். எல்லாம் சரி. பிறகு அபிராமியிடம், எண்ணெயோடு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டேன். அவள் தாயைப் பார்த்தாள், நிலத்தைப் பார்த்தாள். "ஜஸ்ட் வாட்டர்" என்றாள்.

விஷயம் இதுதான். பிள்ளைக்கு இனி வலிப்பு வரக்கூடாது என்று தாய் சஷ்டி ஆறு நாளும் விரதம். அதைப் பிள்ளைக்குச் சொல்லவில்லை. பிள்ளை கண்டுபிடித்துவிட்டாள். தாய் விடிய வேலைக்குப் போனதும் எண்ணெயைக் குடிப்பாள், பாணை எடுத்த இடத்தில் வைத்துவிடுவாள். இரவு பசியில்லை என்று சொல்லி, தாயோடு கொஞ்சம் பாலும் பழமும். இதுதான் முழுக் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் மருந்து சேராததும் பசியும் கோயில் பூசைகளால் நித்திரை குறைந்ததும் போதும் என்றார், போனில் கிடைத்த ஸ்பெஷலிஸ்ட். ஏனம்மா சாப்பிடவில்லை என்று நான் கேட்டதற்கு அபிராமி சொன்ன பதிலில் செல்வி அழுதேவிட்டாள், நானும்தான்.

"அம்மா எனக்காகப் பட்டினி. ஹவ் கேன் ஐ ஈட்?"

திறப்பும் மணிக்கூடும்

கோயிலில் நடந்ததை ராதா அக்கா அடுத்த முறை வந்தபோதுதான் சொன்னார். பிள்ளை விழுந்ததும் சனம் கூடியது. ஒருவர் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்று கார்த் திறப்புக் கோர்வையோடு ஓடி வந்தாராம். அப்போது தவமணி அன்ரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அந்தக் கோயிலில் ராதா அக்கா அதிகம் பயந்த வாய் அன்ரியுடையதுதான். அவர் அபிராமியைப் பக்கவாட்டில் திருப்பினார், சால்வையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்தார், "திறப்பை வைச்சிட்டு மணிக்கூட்டைப் பார், எவ்வளவு நேரம் இழுக்குது எண்டு சொல்லு" என்று அந்த மனிதரை அதட்டினார். பிறகு ராதா அக்காவின் கையைப் பிடித்தபடி, தன் மகனுக்கும் சின்ன வயதிலிருந்து வலிப்பு என்றார், எல்லோருக்கும் கேட்கும்படி.

நான் அலமாரியில் இருந்த விற்றமின் போத்தல்களை அடுக்கத் தொடங்கினேன். தவமணி அன்ரியும் எங்கள் கடை வாடிக்கையாளர்தான். ராதா அக்கா செவ்வாயில் வந்தால் அன்ரி வியாழனில் வருவார், மகனின் குளிசைக்கு. இருவரும் ஒருவருக்கு ஒருவர் பயந்து அதே கவுண்டருக்கு வந்து போனதை நான் பார்த்தபடி இருந்தேன், வாய் திறக்க உரிமை இல்லை. ராதா அக்கா என் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு முதலே தெரியும், என்ன பிள்ளை?"

கடைசித் தடவை

சில மாதம் கழித்து இருவரும் ஒரே காரில் வந்து இறங்கினார்கள். மருந்துக்கு அல்ல. தவமணி அன்ரி ஒரு டப்பா நிறையப் பயித்தம் பணியாரம் கொண்டுவந்திருந்தார். அபிராமிக்குச் சுகம், பாணும் பட்டரும் தவறுவதில்லை, அடுத்த சஷ்டிக்குத் தாய் சாப்பிடுவதென்று பிள்ளை சத்தியம் வாங்கிவிட்டாளாம். இருவரும் இப்போது சான்ட்ரிங்ஹாமில், பலசரக்குக் கடைகளுக்குப் பக்கத்து மருந்துக்கடையிலேயே சேர்ந்து போய் வாங்குகிறார்கள். யார் கேட்டாலும் இன்ன வருத்தம், இன்ன மருந்து என்று சொல்கிறார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கார் போன பிறகும் கண்ணாடிக் கதவடியிலேயே நின்றேன். ராதா அக்கா கடைசியாகச் சொன்னது காதில் இருந்தது.

"குறை நினையாதேங்கோ பிள்ளை, இனி இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை."

படிக்கிற காலத்தில் எல்லா மருந்தின் பக்கவிளைவையும் மனப்பாடம் பண்ண வைத்தார்கள், ஆனால் வாடிக்கையாளருக்கு வெட்கம் தெளிந்தால் மருந்துக்காரிக்கு வருகிற பக்கவிளைவை மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.